பழைய வால்வு ஆம்ப்புக்கு டிஸ்டார்ஷன் பெடல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வாங்கக் கிளம்புவதற்கு முன், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் எடுத்ததோ, ஐயா காலத்தில் மலேயாவிலிருந்து கப்பலில் வந்ததோ, எந்த பெடல் ஒத்துப்போகும் என்பதை அந்த ஆம்ப்தான் தீர்மானிக்கும். நல்ல பெயர் வாங்கிய பெடல்கூடப் பொருந்தாத ஆம்ப்பில் தகரத்தைத் தட்டின மாதிரிதான் கேட்கும்.

வருஷக்கணக்கில் சும்மா கிடந்த ஆம்ப்பை நேரே பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். முழு வோல்டேஜ் ஒரே அடியாக ஏறினால் வெடிக்கலாம், கூடவே டிரான்ஸ்பார்மரும் போகலாம். வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து, வழியில் ஒரு சீரிஸ் பல்பு வைத்தோ, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கிலோ மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கி நிற்கலாம், அதனால் நீங்களே திறக்க வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்பை ஓட்டவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும்.

அமெரிக்க ஆம்ப் என்றால் அது 117 அல்லது 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும். நம் 230 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். பின்தகட்டில் போட்டிருக்கும், ஆம்ப் இழுக்கும் வாட் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். பிரிட்டிஷ் ஆம்ப்களில் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். ரெண்டு பின் ஒயர் இருந்தால் எர்த்தோடு மூன்று பின் ஒயராக மாற்றியே தீர வேண்டும். கிட்டார் கம்பியும் பெடலின் உலோகப் பெட்டியும் ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு (சேசிஸ்) இணைந்தே இருக்கின்றன. எர்த் இல்லாமல் மேடையில் மைக்கில் வாய் வைத்தால் ஷாக் அடிக்கும், அது உயிரையும் எடுக்கும்.

ஸ்விட்ச் போட்டு இருபது முப்பது விநாடி கழித்து மெதுவாகச் சத்தம் எழுந்தால் வால்வு. உடனே வந்தால் டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டர் ஆம்ப் திணறும்போது வரும் சிதைவு காதைக் கீறும், ஆகவே அதைச் சுத்தமாக வைத்துக்கொண்டு மொத்த டிஸ்டார்ஷனையும் பெடலிலேயே எடுங்கள். அதற்கு ராட், பாஸ் டிஎஸ்-1 ஆகிய இரண்டு பெடல்களும் நல்லவை. இனிச் சொல்வதெல்லாம் வால்வு ஆம்ப்பைப் பற்றி.

பழைய வால்வு ஆம்ப்களில் பெரும்பாலும் மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கிடையாது, பெடலை முதல் வால்வுக்குப் பின்னால் மாட்டும் எஃபெக்ட்ஸ் லூப்பும் கிடையாது. பெடலிலிருந்து வருவது நேரே முதல் வால்வில் போய் மோதும். ஆகவே பெடல் தானாக எவ்வளவு கரகரக்கிறது என்பதைவிட, அது ஆம்ப்பை எந்த அலைவரிசையில், எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதே முக்கியம்.

ஃபெண்டரின் அறுபதுகளின் கறுப்பு முகப்பு ஆம்ப்களில் மிட், அதாவது நடு அலைவரிசை, குழிந்திருக்கும். கீழேயும் மேலேயும் நிறைய, நடுவில் பள்ளம். ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடல் பேஸைக் (கீழ் அலைவரிசையை) குறைத்து 720 ஹெர்ட்ஸ் வாக்கில் மேடு எழுப்பும். பள்ளமும் மேடும் சரியாகப் பொருந்துவதால் கீபோர்டும் தபலாவும் சேர்ந்து ஒலிக்கும்போதும் கிட்டார் தனியாகக் கேட்கும். இதே ஆம்ப்பில் பிக் மஃப் போட்டால் அதுவும் மிட்டைக் குழிக்கிற பெடல் என்பதால் வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், மேடையில் காணாமல் போகும். புதிதாக வாங்குபவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான்.

மார்ஷல், வாக்ஸ் ஏசி30 போன்றவற்றில் மிட் முன்னாலேயே நிற்கும். அங்கே டியூப் ஸ்க்ரீமர் மூக்கால் பாடுவதுபோல் ஆகலாம். ராட்டோ, மிட்டை அதிகம் தொடாத பாஸ் ப்ளூஸ் டிரைவரோ நன்றாக வரும். பிக் மஃப்புக்கும் இவைதான் ஏற்ற இடம். ராட்டில் ஃபில்டர் நாப் மற்ற பெடல்களுக்கு நேர்மாறு: வலப்பக்கம் திருப்பத் திருப்ப மழுங்கும். ஏசி30-க்கு, மேல் அலைவரிசையை (ட்ரெபிள்) ஏற்றிக் கொடுக்கும் ட்ரெபிள் பூஸ்டர் இன்னொரு வழி. கிட்டார் கலைஞர்கள் ரோரி காலகரும் பிரையன் மேயும் அப்படித்தான் அந்த ஆம்ப்பைப் பாட வைத்தார்கள்.

8 அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்ப்களுக்கு பேஸ் அதிகமுள்ள ஃபஸ் (பிக் மஃப் போலக் கடுமையாகக் கரகரக்கும் பெடல்) கொடுக்காதீர்கள். ஏசியை டிசியாக்கும் வால்வு ரெக்டிஃபையர் தாங்காமல் வோல்டேஜ் இறங்கி, கீழ்க் கம்பிகள் கூழாகிவிடும்.

அடுத்தது ஆம்ப்பின் பலம். ஃபெண்டரின் 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப் போன்றது வால்யூம் 4, 5-க்கு வந்ததும் லேசாகக் கரகரக்க ஆரம்பிக்கும். அதன்மேல் பெடலின் டிரைவை (கரகரப்பின் அளவை)க் குறைத்து லெவலை (வெளிவரும் சத்தத்தை) ஏற்றி வைத்தால் போதும், மீதியை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். 85 வாட் ட்வின் ரிவெர்ப் அப்படியல்ல, காது வலிக்கும் சத்தம்வரை சுத்தமாகவே நிற்கும். அதற்குத் தானே டிஸ்டார்ஷன் தருகிற பெடல்தான் வேண்டும்.

சோதிக்கும் முறை இது. டோன் நாப்கள் நடுவில், ரிவெர்ப் பூஜ்யத்தில். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் அழுத்தி அடித்தால் லேசாக உடைந்தும் வரும் இடத்தில் வால்யூமை நிறுத்துங்கள். பெடலில் நாப்களைக் கடிகார முள்போல் வைத்துப் பார்த்தால் டிரைவ் 9 மணி, டோன் 12 மணி. ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி லெவலை வையுங்கள். சத்தம் கூடினாலே நம் காது அதை நல்ல ஒலி என்று நம்பிவிடும், அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். இப்போது ஒரு முழு மேஜர் கார்டு வாசித்து ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு கிட்டார் வால்யூமை 10-லிருந்து 4-க்கு இறக்குங்கள். நல்ல பொருத்தம் என்றால் கரகரப்பு விலகிக் கம்பி ஒலி மேலே வரும். கடைசியாக மூன்றாம் கம்பி 12-ஆம் கட்டில் ஒரு சுரத்தை அடித்து, அது அடங்கும்வரை கையை எடுக்காமல் கேளுங்கள். வால் பகுதி சீராகத் தேய வேண்டும். விட்டுவிட்டுத் துப்பினால் அந்த பெடலின் பயாஸ் (டிரான்சிஸ்டருக்கு உள்ளே வைத்த வோல்டேஜ் அளவு) சரியில்லை. இத்தனைக்கும் பிறகு லெவலைக் கொஞ்சம் கொஞ்சமாக 3 மணிவரை ஏற்றி, ஆம்ப் எங்கே இனிக்கிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்று பிடியுங்கள். முட்டினால் ஃபெண்டரில் இரண்டாம் இன்புட்டுக்கு மாறுங்கள். அது சிக்னலைப் பாதியாக்கும், பெடல் முன்னால் இருப்பதால் ட்ரெபிள் குறையாது.

சோதிக்கும் இடத்தையும் கவனியுங்கள். செட்டிநாட்டு வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளை சேர்த்துப் பளபளப்பாக இழைத்த சுவர், தேக்குத் தூண் எல்லாம் ட்ரெபிளைத் திருப்பி அடிக்கும். அங்கே டிஎஸ்-1 ஊசியாகக் குத்துகிறது என்று ஒதுக்கிவிட்டால், பந்தலில் அதுவே அளவாக இருந்திருக்கும். ஆம்ப்பைச் சுவரைப் பார்க்க வைக்காமல் திறந்த முற்றத்தைப் பார்க்க வையுங்கள். கீழேயும் முன்னாலேயும் ஜமக்காளம் விரியுங்கள். ஸ்பீக்கர் காலடியில் இருந்தால் மேல் அலைவரிசை முழங்காலோடு போய்விடும், ஆகவே ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்துக் கேளுங்கள். ட்ரெபிளைக் கூட்டும் ப்ரைட் ஸ்விட்ச் இருந்தால் ஆஃபில் இருக்கட்டும். குறைந்த வால்யூமில்தான் அது அதிகமாக வேலை செய்யும், டிஸ்டார்ஷனோடு சேர்ந்தால் எரிச்சலூட்டும்.

பழைய ஃபஸ் ஃபேஸ் வகையில் ஆசை இருப்பவர்கள் நம் வெயிலை நினைவில் வைக்க வேண்டும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் சூட்டில் கசியும், பயாஸ் நகரும், மதியம் கொழகொழவென்றோ துப்பியோ வாசிக்கும். இரவில் மறுபடி சரியாகும். சித்திரை மேடைக்கு சிலிக்கான் ஃபஸ்தான் நம்பகமானது. எந்த ஃபஸ்ஸாக இருந்தாலும் கிட்டாருக்கு அடுத்தபடியாக முதலில் மாட்டுங்கள். நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சர்க்யூட்) உள்ள பெடல் வந்தால் கிட்டார் வால்யூமுக்குக் கட்டுப்படாது.

இரைச்சல் வந்தால் எங்கிருந்து என்று பிரியுங்கள். கிட்டார் வால்யூம் பூஜ்யம், பெடல் ஆஃப், அப்போதும் ரீங்காரம் என்றால் அது ஆம்ப்பின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வேலை. பெடலை மாற்றிப் பயனில்லை. பெடலை ஆன் செய்தால் மட்டும் கூடுகிறது என்றால் பிக்கப், கேபிள், அடாப்டர் மூன்றில் ஒன்று. குன்றக்குடிப் பங்குனி உத்திரம் போன்ற விழா மேடைகளில் சீரியல் செட் விளக்குகளின் கன்ட்ரோலர் ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் இரைச்சலாக நேரே ஏறும். உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றால் குறையும் கோணம் ஒன்று இருக்கும், அதைப் பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவை ஒரு மணி அளவு குறைத்தாலும் இரைச்சல் கணிசமாக இறங்கும்.

அடாப்டர் 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ், ரெகுலேட்டட். விலை குறைந்த மொபைல் சார்ஜர் வகைகள் கீச்சென்று சத்தம் போடும். பழைய பாணி ஜெர்மேனியம் பெடல் பலவற்றில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரிலிருந்து பல பெடலுக்குப் பிரியும் டெய்ஸி செயின் ஒயரில் மாட்டினால் ஷார்ட் ஆகும், எனவே அதற்கு மட்டும் தனி பேட்டரி போடுங்கள். வாசிக்காத நேரத்தில் இன்புட் ஜாக்கைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பெடல் ஆஃபில் இருந்தாலும் அந்த பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.