நைரோபியில் அரை நாள் தனி சஃபாரி: விடிகாலை 6 மணிக்குக் கேட்டில் இருங்கள்

நைரோபி நகரத்தை ஒட்டினாற்போலவே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. நகர மையத்திலிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டர்தான். 1946இல் அமைத்தார்கள், கென்யாவின் முதல் தேசியப் பூங்கா இதுதான், பரப்பு 117 சதுர கிலோமீட்டர். சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் தாமாக மேய்ந்தும் வேட்டையாடியும் வாழ்கின்றன, கூண்டும் கிடையாது, தீனி போடுவதும் கிடையாது. கென்யாவின் பெரிய வனவிலங்குக் காப்பகமான மசாய் மாரா வரை போக நாள் இல்லாதவர்கள், வேலையாக வந்து ஒரே ஒரு காலைப்பொழுது ஓய்வாகக் கிடைத்தவர்கள், இரண்டு விமானங்களுக்கு நடுவில் பத்து மணி நேரம் கையில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அரை நாள் என்பது ரொம்பக் குறைந்த நேரம். தனி வண்டி எடுப்பதன் பலனே அந்த நேரம் முழுவதும் உங்கள் கையில் இருப்பதுதான். கூட்டு வண்டியில் போனால் நாலு ஹோட்டலுக்குப் போய் ஆள் ஏற்றுவார்கள், நீங்கள் பறவை பார்க்க நினைக்கும்போது பக்கத்து சீட்டுக்காரருக்குச் சிங்கம்தான் வேண்டியிருக்கும். தனி வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான். அதனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தக் காலைப்பொழுது போகிற வழியில் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியே இருக்கும்.

முதலில் வண்டி பேசுவது. விலை வண்டிக்கா, ஆளுக்கா என்று கேளுங்கள். தனி சஃபாரி என்று சொல்லிவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால், நாலு பேர் சேர்ந்து போகும்போது தொகை எக்கச்சக்கமாக ஏறிவிடும். அடுத்து, பூங்கா நுழைவுக் கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா, வண்டிக்கான நுழைவுக் கட்டணமும் சேர்ந்ததா என்று கேளுங்கள். கென்யக் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், அங்கே வசிக்கும் வெளிநாட்டினருக்கு ஒன்று, சுற்றுலா வருபவர்களுக்கு ஒன்று என்று தனித்தனி வகை உண்டு, கடைசி வகைதான் எல்லாவற்றிலும் அதிகம், அதை டாலரில் குறிப்பிட்டிருப்பார்கள். தொகை அவ்வப்போது மாறுவதால், பழைய பயணக் குறிப்புகளில் பார்த்த எண்ணை நம்பாமல், கேடபிள்யூஎஸ் என்று எல்லோரும் சொல்லும் கென்ய வனவிலங்குத் துறையின் தளத்தில் அந்த வாரம் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். இசிட்டிசன் என்ற அரசுத் தளத்தில் கார்டு மூலமோ, எம்பெசா எனும் கென்ய மொபைல் பணச் சேவை மூலமோ கட்டவேண்டும். இதை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள், அல்லது வண்டிக்காரரைக் கட்டச் சொல்லி ரசீதைப் போனுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கேட்டில் நின்றுகொண்டு, நெட்வொர்க் கிடைக்காமல், கார்டு விவரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் உள்ளே சிங்கங்கள் வண்டிப்பாதையை விட்டுப் புதருக்குள் போய்ப் படுத்துவிடும். பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.

எந்த வண்டி என்பது முக்கியம். கூரையை மேலே தூக்கிவிட்டு நின்று பார்க்கக்கூடிய லேண்ட் குரூசர் கிடைத்தால் அதையே எடுங்கள். கூரை தூக்கும் சஃபாரி வேனும் பரவாயில்லை, விலையும் குறையும், காய்ந்த மாதங்களில் அது போதும். டாக்சியையே உள்ளே ஓட்டிப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள், போகலாம்தான், ஆனால் சாதாரணக் காரில் உட்கார்ந்தால் கண் மட்டம் புல் மட்டத்திலேயே இருக்கும், மழைக்குப் பிறகு புல் உயர்ந்து நிற்கும்போது பக்கத்தில் படுத்திருக்கும் சிங்கம்கூடத் தெரியாது. தவிர இங்கே பெரும்பகுதி கரிசல் மண். ஒரு நல்ல மழை பெய்தால் பசைபோல் டயரைப் பிடித்துக்கொள்ளும். மார்ச் முதல் மே வரையும், அப்புறம் நவம்பர், டிசம்பரிலும் மழைக்காலம், அப்போது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் போகவே வேண்டாம்.

வண்டியைவிட முக்கியம் ஓட்டுபவர். ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பார். கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்கு கேபிஎஸ்ஜிஏ என்ற சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் பட்டயம் தருகிறது. புக் செய்யும்போதே, யார் வருவார், பட்டயம் இருக்கிறதா, இந்தப் பூங்காவுக்கு அடிக்கடி போகிறவரா என்று கேளுங்கள். மாராவில் நல்ல பெயர் எடுத்தவராக இருந்தாலும் இங்குள்ள பாதைகளும், இந்த வாரம் சிங்கங்கள் எந்தப் பக்கம் நடமாடுகின்றன என்பதும் தினமும் வருகிறவருக்குத்தான் தெரியும். வெள்ளி நிலை வழிகாட்டி பழைய வேனோடு வந்தால், புது லேண்ட் குரூசரோடு வரும் வெறும் ஓட்டுநரை விட்டுவிட்டு நான் அந்த வேனில்தான் ஏறுவேன்.

எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய இன்னும் இரண்டு விஷயம். அரை நாள் என்பது ஹோட்டலில் ஏறும்போது தொடங்குகிறதா, கேட்டில் நுழையும்போதா? வழியில் நினைவுப்பொருள் கடையில் நிறுத்துவார்களா? வேண்டாம் என்றால் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், மெயின் கேட் பக்கத்தில் நைரோபி சஃபாரி வாக், அனிமல் ஆர்ஃபனேஜ் என்று இரண்டு இடங்கள் உண்டு. இரண்டுக்கும் தனி டிக்கெட், இரண்டிலும் விலங்குகள் அடைப்புக்குள்தான் இருக்கும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் சஃபாரி என்ற பெயரைப் பார்த்து இதற்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது நைரோபி நேஷனல் பார்க்.

இப்போது நேரம். கேட் காலை 6 மணிக்குத் திறக்கும். நைரோபி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறேகாலிலிருந்து ஆறே முக்காலுக்குள் உதித்துவிடும். ஆக, 6 மணிக்குக் கேட்டில் நின்றால் இருட்டு கலையும்போதே உள்ளே இருப்பீர்கள். ஹோட்டலிலிருந்து 5.15க்குக் கிளம்புங்கள். ஆறரை ஆகிவிட்டால் பூங்காவுக்குப் போகும் லங்காட்டா சாலையிலும் மொம்பாசா சாலையிலும் நெரிசல் ஆரம்பித்துவிடும். அஞ்சரைக்கு இருபது நிமிடத்தில் கடக்கும் தூரத்தை ஏழரைக்குக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வண்டிக்காரர் 7 மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பூங்கா ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போகும்போது விடிகாலைக் காற்று எலும்பு வரை குளிரும், குறிப்பாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஒரு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் வேண்டும். பத்து மணிக்கு அதையெல்லாம் கழற்றிவிட்டு வெயிலுக்குத் தொப்பி தேடுவீர்கள்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். 2020 ஜூனிலிருந்து கென்யாவின் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் அதில் அடங்கும். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2017லேயே நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது.

உள்ளே போனதும் என்ன செய்வது? வழிகாட்டியிடம் முதலிலேயே உங்கள் ஆசையைச் சொல்லிவிடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால், எல்லோரும் கேட்கிற மாதிரி இவர்களுக்கும் சிங்கம்தான் வேண்டும் என்று அவராகவே நினைத்து, மற்ற ஓட்டுநர்கள் போனில் சொல்லும் இடத்துக்கெல்லாம் வேகமாக ஓட்டுவார். எனக்குச் சரியாகப் படுவது இது: முதல் ஒன்றரை மணி நேரம் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் கொடுங்கள், ஏனென்றால் அவை வெயில் ஏறியதும் படுத்துவிடும். புல் பனியில் நனைந்திருக்கும் நேரத்தில் சிங்கங்கள் வண்டிப்பாதையிலேயே நடந்து வருவது உண்டு. அவற்றை நேராகத் தேடுவதைவிட இரை விலங்குகளைக் கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்த வரிக்குதிரைகளும் கொங்கோனி மான்களும் தலையைத் தூக்கி எல்லாம் ஒரே திசையில் பார்த்து நின்றால், அந்தத் திசையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஓடிக்கொண்டே தேடும் வண்டிகளுக்குக் கிடைக்காதது இப்படி நிற்கும் வண்டிக்குக் கிடைக்கும், தனி வண்டியில் மட்டும்தான் இந்தப் பொறுமைக்கு யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் காண்டாமிருகத்துக்கு. இந்தப் பூங்காவின் உண்மையான பெருமை அதுதான் என்பது என் கருத்து. கறுப்பு, வெள்ளை இரண்டு வகையும் உண்டு, ஆனால் இரண்டுமே பார்க்கச் சாம்பல் நிறம்தான், நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாயைப் பாருங்கள். வெள்ளை வகைக்கு வாய் அகலமாக, நேர்க்கோட்டில் வெட்டினாற்போல இருக்கும், தலையைத் தரையோடு தாழ்த்திப் புல் மேயும், உருவத்திலும் பெரிது. கறுப்பு வகைக்கு மேலுதடு கூராக வளைந்து கிளையை வளைத்துப் பிடிக்கும், புதர்களுக்கு நடுவில்தான் பெரும்பாலும் இருக்கும், கூச்சமும் கோபமும் அதிகம். குட்டியோடு இருந்தால் இன்னொரு அடையாளம்: வெள்ளையில் குட்டி தாய்க்கு முன்னால் போகும், கறுப்பில் பின்னால் வரும். கறுப்பு காண்டாமிருகம் உலகத்தில் சில ஆயிரம்தான் மிச்சம் இருக்கிறது. ஒரு தலைநகரத்தின் கட்டடங்கள் பின்னால் தெரிய அது மேய்வதைப் பார்க்கும்போது மனது நிறைந்துவிடும். தயவுசெய்து ஒன்று செய்யுங்கள், போனில் இருப்பிடக் குறியீட்டை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள், எந்த இடத்தில் பார்த்தோம் என்று எங்கும் எழுதாதீர்கள். கொம்புக்காகக் கொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

யானை இங்கே திரிவதில்லை. சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, காண்டாமிருகம், யானை என்று சஃபாரிக்காரர்கள் சொல்லும் ஐந்து பெரிய விலங்குகளையும் காட்டுகிறேன் என்று யாராவது நைரோபி பூங்காவுக்கு விலை பேசினால் அவரை விட்டுவிடுங்கள், இங்கே நாலுதான், அதிலும் சிறுத்தை மேற்குப் பக்கக் காட்டுக்குள் மறைந்திருக்கும், பார்ப்பது அபூர்வம்.

நகரக் கட்டடங்களோடு விலங்கைப் படம் எடுக்க வேண்டுமானால் காலையில் பூங்காவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதியிலிருந்து வடமேற்கைப் பார்த்து எடுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், கட்டடங்கள் பளிச்சென்று விழும். பூங்காவைக் கடந்துபோகும் நைவாஷா ரயில் பாலமும் தூணும் சில படங்களில் வந்துவிடும். அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் ஒட்டகச்சிவிங்கிகள் போய்வருகின்றன என்பதால் அதையும் சேர்த்தே எடுங்கள் என்பேன், இந்த இடத்தின் உண்மை நிலை அது. மூன்று பக்கம் வேலி, தெற்கே மட்டும் ம்பகத்தி ஆற்றைத் தாண்டிக் கிட்டெங்கெலா சமவெளிக்குத் திறந்த வழி. மழை பெய்தால் மேய்ச்சல் விலங்குகள் அந்த வழியாக வெளியே பரவிவிடும், காய்ந்த மாதங்களில் அணைக்குட்டைகளின் தண்ணீருக்காக உள்ளே திரும்பிவரும். ஜூலை முதல் அக்டோபர் வரையும் ஜனவரி, பிப்ரவரியிலும் நிறையக் கிடைப்பது இதனால்தான். தெற்கே வீடும் வேலியும் பெருகி அந்த வழி ஒவ்வொரு வருடமும் குறுகுவது பெரிய கவலை.

வண்டியை விட்டு இறங்க அனுமதி உள்ள இடங்கள் சிலதான். ஹிப்போ பூலில் துப்பாக்கி வைத்திருக்கும் ரேஞ்சரோடு ஆற்றங்கரையில் நடக்கலாம், நீர்யானையும் முதலையும் இருக்கும் இடம், அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். தந்த வியாபாரத்தை எதிர்த்து அரசு தன் கையிருப்புத் தந்தத்தை எரித்த இடத்திலும் இறங்கலாம். 1989 ஜூலையில் அதிபர் மோய் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தது இங்கேதான், 2016 ஏப்ரலில் 105 டன் எரித்ததும் இங்கேதான், அந்தச் சாம்பல் மேடு இன்னும் இருக்கிறது. கழிப்பறை, கையில் கொண்டுவந்த சிற்றுண்டி எல்லாம் இந்த மாதிரி இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் குரங்கு கண்ணில் படும்படி சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள். மற்ற இடங்களில் காலைக் கீழே வைக்கக்கூடாது, பாதையை விட்டு வண்டியை இறக்கச் சொல்லவும் கூடாது. கூடுதல் டிப்ஸ் கொடுத்து ஓட்டுநரை அப்படித் தூண்டினால் அபராதமும் பிழைப்புக்கு ஆபத்தும் அவருக்குத்தான்.

யானைக்குட்டி பார்க்க ஆசை இருந்தால் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் அனாதை யானைக் காப்பகம் இருக்கிறது. பொதுமக்களுக்குக் காலை 11 முதல் 12 வரை மட்டும்தான், முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள், சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பயணத் தேதி உறுதியானதுமே பதிந்துவிடுங்கள். பூங்கா எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மகாடி சாலைப் பக்கத்துக் கேட் வழியாகச் சுற்றிப் போகவேண்டும், எனவே பத்தேகாலுக்கெல்லாம் பூங்காவை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இரண்டையும் சேர்த்தால் அரை நாள் கச்சிதமாக நிரம்பும், அதற்கு மேல் ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்க்கும் ஜிராஃப் சென்டரையும் திணிக்க வேண்டாம், எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

விமானங்களுக்கு நடுவில் வருகிறவர்கள் இடிஏ எனும் மின் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது. விமான நிலையத்திலிருந்து வந்தால் மொம்பாசா சாலைப் பக்கத்து ஈஸ்ட் கேட் கிட்டே, அங்கேயே நுழையச் சொல்லுங்கள். பெட்டிகளை ஓட்டுநர் வண்டியிலேயே வைத்துக்கொள்வார், அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். திரும்பும்போது விமானம் புறப்பட மூன்றரை மணி நேரம் முன்பே கேட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள், விமான நிலைய நுழைவிலேயே எல்லோரையும் வண்டியிலிருந்து இறக்கிச் சோதனை செய்வதற்கு வரிசை இருக்கும். வழிகாட்டிக்கான டிப்ஸைத் தனியாக ஒரு கவரில் ஷில்லிங்காக எடுத்து வைத்திருந்தால் அந்த அவசரத்தில் தேடவேண்டியிருக்காது.