பெற்றோரை ஒன்ராறியோவுக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு: எந்த அலுவலகம் எதைத் தரும்?

"கனடாவில் வைத்தியம் எல்லாம் இலவசம்தானே" என்று புறப்படும்போதே எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். பாதிதான் உண்மை. மற்றப் பாதியில்தான் அம்மா அப்பாவோடு வருகிற குடும்பங்கள் அகப்படுகின்றன. நானும் அகப்பட்டேன், அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் ஒன்ராறியோவின் விதிகள். மற்ற மாகாணங்களில் பெயரும் விதியும் வேறு.

முதலில் ஒரு விஷயத்தை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். 1984இல் வந்த கனடா சுகாதாரச் சட்டம் காசு வாங்காமல் தரச் சொல்வது டொக்டரின் சேவையையும் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் அவசியமான சிகிச்சையையும்தான். மத்திய அரசு பணத்தில் பங்கு கொடுக்கும், மாகாணம் நடத்தும். வீட்டுக்கு வந்து குளிக்க வைக்கிற உதவியாளர், மருந்து, பல், கண்ணாடி, காது மெஷின், வோக்கர், முதியோர் இல்லம், இவை எதுவும் அந்தக் கோட்டுக்குள் இல்லை. இளம் ஆட்களுக்கு டொக்டரும் ஆஸ்பத்திரியும் போதும். எழுபது வயதுக்காரருக்கு அன்றாடம் தேவைப்படுவது கோட்டுக்கு வெளியே இருப்பவைதான். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவின் சனத்தொகையில் 19 வீதமானவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்காக மத்திய அரசும் மாகாண அரசும் காலத்துக்கு ஒரு திட்டமாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம், ஒரு படிவம். ஒன்றில் பதிந்தால் மற்றதிலும் பதிவாகிவிடும் என்று நினைக்காதீர்கள், உங்கள் அம்மாவுக்கு இன்னது கிடைக்கும் என்று யாரும் தேடிவந்து சொல்லவும் மாட்டார்கள்.

சரி, முதல் கேள்வி பெற்றோர் எந்த விசாவில் வருகிறார்கள் என்பது. சுப்பர் விசாவில், அதாவது பெற்றோருக்கான நீண்டகால வருகை விசாவில், வந்தால் ஒரு தடவையில் 5 வருடம் வரை நிற்கலாம், ஆனால் ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவ இன்சூரன்ஸ்) கிடையாது. அதற்குத்தான் குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும் மருத்துவ இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். அந்த இன்சூரன்ஸை விலை பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சீனி, பிறஷர், இதய வருத்தம் ஏற்கெனவே இருந்தால் அவற்றுக்குக் காசு தருவார்களா, எத்தனை மாதம் மருந்து மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை வரிவரியாக வாசியுங்கள். ஆஸ்பத்திரிப் பில் வந்த பிறகு வாசித்துப் பயனில்லை. அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் தனியாக இருக்கிறது. ஓஹிப் இல்லாதவர்களையும் பார்க்கிற சமூக சுகாதார நிலையங்கள் ஒன்ராறியோவில் உண்டு, சின்னச் சின்னப் பிரச்சினைக்கெல்லாம் நேரே எமர்ஜென்சிக்கு ஓடத் தேவையில்லை.

ஸ்பொன்சர் பண்ணி நிரந்தர வதிவிடத்தோடு வந்தால் ஓஹிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். வந்த கையோடு மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஆனால் ஒரு கணக்கை நினைவில் வைத்திருங்கள்: முதல் 183 நாளில் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாள் இருக்க வேண்டும். வந்து இரண்டு மாதத்தில் "வீட்டை ஒருக்கா பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அப்பா வெளிக்கிட்டு 30 நாளுக்கு மேல் அங்கே நின்றுவிட்டால் அந்த முதல் கணக்கு பிழையாகிவிடும்.

ஸ்பொன்சர் பண்ணியவர்களின் பயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 20 வருடத்துக்கு நாமே பார்த்துக்கொள்வோம் என்ற பொறுப்பில் கையெழுத்து வைத்திருப்பதால், பெற்றோர் எதைப் பாவித்தாலும் கடன் நம் தலையில் விழும் என்று பலர் ஒன்றுமே எடுக்காமல் இருக்கிறார்கள். திருப்பிக் கட்ட வேண்டி வருவது அவர்கள் அரசிடம் சமூக உதவிப் பணம் எடுத்தால்தான். ஓஹிப்பில் வைத்தியம் பார்ப்பது அதில் சேராது. இந்தப் பயத்தால் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

ஓஹிப் காட் உள்ள ஒருவருக்கு 65 வயது முடிந்த அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்து மாகாண மருந்துத் திட்டம் தானாகவே தொடங்கும், பாமசியில் காட்டைக் காட்டினால் போதும். பொதுவாக வருடத்துக்கு முதல் 100 டொலரைக் கட்ட வேண்டும், அதன்பிறகு ஒரு மருந்துச் சீட்டுக்கு 6.11 டொலர் வரை. வருமானம் குறைந்தவர்கள் விண்ணப்பித்தால் அந்த 100 டொலரும் இல்லை, சீட்டுக்கு 2 டொலருக்குள்தான் வரும். அவரதும் துணையினதும் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், பிள்ளையின் சம்பளத்தை அல்ல. இந்தப் படிவத்தை நிரப்பாமலே வருடக்கணக்காகக் கூடக் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

பல்லுக்கு மத்திய அரசின் கனேடிய பற்சிகிச்சைத் திட்டம். இது 2024 மே மாதம் சிகிச்சை கொடுக்கத் தொடங்கியது. குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருக்க வேண்டும், தனியார் பல் இன்சூரன்ஸ் இருக்கக்கூடாது. 70,000க்குக் கீழ் என்றால் திட்டத்தின் கட்டணம் முழுவதையும் அவர்களே கொடுப்பார்கள். ஆனால் பல் வைத்தியர் அதைவிடக் கூடக் கேட்கலாம், கதிரையில் ஏற முதல் கேளுங்கள். இதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு, அதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள்: வருமான வரி தாக்கல் செய்திருக்க வேண்டும். "அம்மாவுக்கு ஒரு சதமும் வருமானம் இல்லை, எதற்கு வரி" என்று விட்டுவிடுகிறோம். வருமானம் இல்லை என்பதை அரசுக்குச் சொல்கிற வழியே அந்தப் பத்திரம்தான். பூச்சியம் போட்டாவது ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்யுங்கள்.

கண் பரிசோதனை 65க்கு மேல் ஓஹிப்பில் 18 மாதத்துக்கு ஒருமுறை, சலரோகம் போன்ற சில வருத்தங்கள் இருந்தால் 12 மாதத்துக்கு ஒருமுறை. கண்ணாடி கைக்காசு. வோக்கர், வீல்செயார் போன்றவற்றுக்கு மாகாணத்தின் உதவிச் சாதனத் திட்டம் 75 வீதம் கொடுக்கும், காது மெஷினுக்கு ஒரு காதுக்கு 500 டொலர் வரை. அவசரப்பட்டுக் கடையில் வாங்கிவிட்டுப் பிறகு பற்றுச்சீட்டோடு போகாதீர்கள். திட்டத்தில் பதிவான நிபுணர் பார்த்துப் படிவம் நிரப்பி, பதிவான விற்பனையாளரிடம் வாங்க வேண்டும்.

இனி வீட்டுப் பராமரிப்பு. எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். 2024 ஜூன் மாதம் 14 பிராந்திய அமைப்புகளை ஒன்றாக்கி ஒன்ராறியோ ஹெல்த் அட் ஹோம் என்ற ஒரே நிறுவனம் ஆக்கினார்கள். இலக்கம் 310-2222, முன்னால் பிரதேச இலக்கம் தேவையில்லை. டொக்டரின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே அழைக்கலாம். ஒரு ஒருங்கிணைப்பாளர் ஆளைப் பார்த்து, கேள்விகள் கேட்டு, நேர்ஸ் வேண்டுமா, பிசியோ வேண்டுமா, குளிக்க வைக்கிற உதவியாளர் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று தீர்மானிப்பார். ஓஹிப் இருந்தால் இதற்குக் காசு இல்லை.

அந்தக் கேள்வி நேரத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. எங்கள் அம்மா விழுந்து இடுப்பு நொந்த பிறகு ஒரு பெண் வந்து கேட்டார். குளிப்பது எப்படி, கழிவறைக்குப் போவது எப்படி, சமைப்பது யார்? அம்மா நல்ல சீலை உடுத்திக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்து, "எல்லாம் நானே செய்வேன் பிள்ளை" என்றார். வந்த விருந்தாளியிடம் குறை சொல்லக்கூடாது என்கிற அவரது மரியாதை அது. நானும் பக்கத்தில் நின்று "நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், பார்த்துக்கொள்கிறோம்" என்றேன். இரண்டும் அப்படியே பதிவாகின. ஏனென்றால் அவர்கள் கணக்கெடுப்பது ஆள் தனியாக எதைச் செய்யமாட்டார், வீட்டில் யார் இல்லை என்பதை. எங்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. மூன்று மாதம் கழித்து மறுபடி மதிப்பீடு கேட்டு, நான் இரவு வேலைக்குப் போகிற நேரங்களையும், அம்மா விழுந்த தேதிகளையும், இரவில் எத்தனை தரம் எழும்புகிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் மணித்தியாலம் கூடியது. பொய் சொல்லச் சொல்லவில்லை. மோசமான நாளில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், பேரப்பிள்ளையை வைத்துக் கழிவறைக் கதை கதைக்க வைக்காதீர்கள்.

நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கும் விண்ணப்பம் இதே நிறுவனத்தின் வழியாகத்தான். ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம். பராமரிப்புச் செலவு மாகாணத்துடையது, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அங்கே தங்குபவர் கட்ட வேண்டும், அடிப்படை அறையென்றால் வருமானம் பார்த்துக் குறைப்பு உண்டு. காத்திருப்பு நீளம், ஆகவே மறதி வருத்தம் என்று டொக்டர் சொன்ன உடனேயே கதைக்கத் தொடங்குங்கள். "பெற்றோரை இல்லத்தில் விடுவதா" என்று வாய் திறக்காமல் இருந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து முடிவெடுத்தால் தெரிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். 2022இல் வந்த சட்டத்தின்படி, ஆஸ்பத்திரிச் சிகிச்சை முடிந்து இல்லத்துக்காகக் காத்திருப்பவருக்கு அவர் கேட்காத இல்லத்தையும் ஒதுக்கலாம். தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் தூரம் வரை. இடம் கிடைத்தும் போகமாட்டேன் என்று கட்டிலில் இருந்தால் நாளுக்கு 400 டொலர். தமிழ் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில் ஒரு தாயை விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் கார் ஓடித் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்து, பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே அவர்களுக்காக வைத்திய முடிவு எடுக்கப் போவது யார் என்று எழுதி வையுங்கள். அதற்கான படிவத்தை மாகாணத்தின் பொதுக் காப்பாளர் அலுவலகம் இலவசமாகத் தருகிறது. எழுதாவிட்டால் சட்டம் முதலில் துணைவரையும் பிறகு பிள்ளைகள் எல்லோரையும் சம உரிமையோடு கேட்கும், அண்ணா ஒன்று தங்கச்சி ஒன்று சொல்லி ஒத்துப்போகாவிட்டால் முடிவு அந்தப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் கைக்குப் போய்விடும்.

இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 811க்கு அழையுங்கள், 24 மணித்தியாலமும் நேர்ஸ் இருப்பார். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னால், வீட்டுப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்காமல் வெளிக்கிடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வீட்டுக்கு வருவார், வராவிட்டால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று கட்டிலடியிலேயே எழுதி வாங்குங்கள்.