வகுப்பில் சேர்ந்து வாசிக்கக் கதைநூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நூலகத்திலிருந்து ஒரு பிள்ளை தானாக எடுத்துச் செல்லும் கதைநூலுக்கும், வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசிக்கும் கதைநூலுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. முன்னது பிடிக்காவிட்டால் அந்தப் பிள்ளை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம். பின்னதிலிருந்து எழுந்து போக யாருக்கும் வழியில்லை. ஆகவே வகுப்புக்கு எடுக்கும் நூல் நல்ல நூல் என்று பெயர் வாங்கியிருப்பது மட்டும் போதாது; அதைப் பற்றிப் பிள்ளைகள் தங்களுக்குள் மாறுபட்டுப் பேசவும் அதில் இடமிருக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களை மனத்தில் கொண்டு, அத்தகைய நூலை எப்படிக் கண்டெடுப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை, நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆசிரியரே படிப்பது. பின்னட்டைக் குறிப்பையும் விருது அறிவிப்பையும் நம்பி வாங்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. படித்து முடித்த பிறகு, நடுவிலிருந்து ஓர் அத்தியாயத்தை எடுத்து வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குச் சரளமாகத் தோன்றிய நடை நாவில் தடுக்கினால், அது வகுப்பிலும் தடுக்கும். மொழிபெயர்ப்பு நூல்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்; எந்த நாட்டுக் கதையாக இருந்தாலும் அதில் வரும் பிள்ளைகள் தமிழில் சண்டையிட்டு, தமிழில் சமாதானம் ஆகிறார்களா என்பது வாய்விட்டு வாசிக்கும்போதுதான் தெரியும். இதே வாசிப்பில் கால அளவும் பிடிபட்டுவிடும். நாற்பது நிமிடப் பாடவேளையில் வாசிப்பு, பேச்சு இரண்டும் சேர்ந்து பத்துப் பக்கங்கள் நகர்ந்தால் அது நல்ல வேகம். அந்தக் கணக்கில் எண்பது பக்க நூலுக்கு எட்டுப் பாடவேளைகள் ஆகும். வாரத்துக்கு இரண்டு வேளை ஒதுக்கினால் ஒரு மாதத்தில் முடியும். ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும் நூலை வகுப்புக்கு எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஐந்து பாகங்களாக விரியும் சரித்திர நாவல்கள் விடுமுறை வாசிப்புக்கு உரியவை.

அடுத்தது, வாசிப்பு நிலை. தமிழக அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது ஆசிரியர்கள் அறிந்ததே. ஒரே வகுப்பில் நான்கு நிலைப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதையும் அவர்கள் அறிவார்கள். நான்கு நிலைக்கும் பொதுவாக ஒரு நூலைத் தேடும்போது, ஒரு பக்கத்தில் எத்தனை கடினச் சொற்கள் உள்ளன என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தமிழில் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் சொல்லின் பொருள் அன்று, அதன் நீளமே. தெரிந்த மூன்று சொற்கள் புணர்ந்து ஒரே தொடராக நிற்கும்போதும், வரியின் முடிவில் ஒரு சொல் பாதியாக உடைந்து அடுத்த வரிக்குப் போகும்போதும் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. எனவே எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே உள்ள வெளி, சொற்களைப் பிரித்து அச்சிட்டிருக்கும் முறை ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உரையாடல் மிகுந்த நூல் கலப்பு வகுப்புக்கு ஏற்றது. சிறு சிறு பேச்சுகளை வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் பாத்திரமாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். செட்டிநாடு என்றவுடன் வெளியூரார் எழுதும் கதைகளில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடும் அதற்குள் ஒரு மர்மமும் வந்துவிடுகின்றன. நம் வகுப்பிலோ அத்தகைய வீட்டுக்குத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வந்து போகும் குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம்; அதன் முகப்பைக் கூட்டிப் பெருக்கி, சாவியைக் காத்துவரும் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம்; ஆத்தங்குடித் தரை ஓடு வார்க்கும் பட்டறையிலிருந்து வரும் பிள்ளையும், வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர் பிள்ளையும் இருக்கலாம். அத்தகைய வீட்டின் பகுதிகளான வளவிலும் பட்டாலையிலும் நடக்கும் கதை அவர்களில் ஒருவருக்கு நினைவு, இன்னொருவருக்கு வேடிக்கை. அந்த வேறுபாட்டை வெளியே கொண்டுவந்து பேசவைக்கும் கதையானால் அது வகுப்புக்கு உகந்தது. ஒரு தரப்பை மட்டும் பெருமைப்படுத்தி மறுதரப்பைச் சமையற்கட்டில் நிறுத்திவிடும் கதையானால் வேண்டாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்களின் கதைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்: கப்பலேறியவரின் சாகசம் மட்டும் இருக்கிறதா, ஊரில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஆச்சிக்கும் அதில் குரல் உண்டா?

களம் அருகில் இருந்தால் வாசிப்பு நூலுக்கு வெளியேயும் நீளும். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியைக் களமாகக் கொண்ட இளையோர் நாவல். 2023இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அதே ஆண்டில் கீழடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஏழாம், எட்டாம் வகுப்பில் இந்த நாவலைப் பாதி வாசித்துவிட்டு அருங்காட்சியகத்துக்குச் செல்வது, முழுவதும் வாசித்துவிட்டுச் செல்வதைவிட மேல் என்பது என் கருத்து. ஆதன் என்று கீறப்பட்ட பானை ஓட்டைப் பார்க்கும்போது கதை இன்னும் முடியாமல் இருப்பது நல்லது.

ஊர்ப்பற்று மட்டுமே ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகிவிடக் கூடாது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கக் காரணமான அழ. வள்ளியப்பா புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்தில் பிறந்தவர். சிறுவர் கதைகள் எழுதிய வாண்டுமாமா பக்கத்து அரிமளத்தில் பிறந்தவர். தமிழ்ச் சிறுவர் இலக்கியத்துக்கு இந்த மண் தந்த கொடை பெரிது. எனினும் அரை நூற்றாண்டுக்கு முன் வெளிவந்த சிறுவர் கதைகள் பலவற்றில், யார் எழுதியதானாலும், கறுப்பு நிறத்தையும் உடற்குறையையும் கேலிக்குரியவையாகக் காட்டும் இடங்களும், தங்கை பாத்திரம் எப்போதும் பலகாரத் தட்டோடு நுழையும் காட்சிகளும் தென்படும். அத்தகைய நூல்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, இதை இப்போது எழுதினால் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்கத் தயாராக இருக்கும் ஆசிரியர் எடுக்கலாம். வேகமாகக் கடந்துவிட எண்ணுபவர் எடுக்க வேண்டாம்.

நீதியைப் பற்றி ஒரு சொல். கடைசிப் பத்தியில் நீதியைத் தானே சொல்லிவிடும் கதை வகுப்பில் பேச்சுக்கு இடம் வைப்பதில்லை. ஒரு நூலைப் படித்து முடித்ததும், அதைப் பற்றி ஒரே விடை இல்லாத கேள்விகள் மூன்றையாவது எழுதிப் பார்க்க வேண்டும். ‘இக்கதையால் நாம் அறிவது யாது?’ என்பதைத் தவிர வேறு கேள்வி தோன்றாவிட்டால் நூலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தேர்வு கடினமாகிறது. சிறுவர் கதை அவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது; பெரியவர் நாவலோ எல்லா இடத்திலும் வகுப்புக்கு ஒத்துவராது. இவ்வயதினருக்கான நூல்களில் சாவு, சாதி, காதல், குடிகாரத் தகப்பன், உடல்மீதான அத்துமீறல் எல்லாம் வரும், வரவும் வேண்டும். அவற்றை மறைப்பதைவிட ஆசிரியர் முன்கூட்டித் தயாராவதே முறை. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பேசும் நூல்கள் இன்னும் இளையவர்களுக்கும் உண்டு; யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ அத்தகையது. அப்படி ஒரு நூலை எடுக்கும் முன் தலைமையாசிரியரிடம் பேசிவிட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் நூலைக் காட்டி, எதைப் பற்றியது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாசிப்பின் நடுவில் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்லக்கூடும். அப்போது அதை வகுப்பின் முன் விசாரிக்கக் கூடாது. தனியே அமைதியாகக் கேட்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, தெரியவந்ததைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று, கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிவைத்துவிட்டே அத்தகைய நூலைத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாடுகளுக்கு மனம் ஒப்பாவிட்டால், அவ்வாண்டு வேறு நூலை எடுப்பதே நேர்மை.

நூலின் படிகளைப் பொறுத்தவரை இருவருக்கு ஒன்று போதும். அதற்கும் நிதி இல்லையென்றால் ஆசிரியர் கையில் ஒரு படி இருந்தாலே வாசிப்பைத் தொடங்கலாம். கேட்கும் வாசிப்புக்கு ஏற்றபடி சிறிய அத்தியாயங்கள் உள்ள நூலை எடுத்தால் சரி. நாவலுக்குப் போகும் முன், அரசுப் பள்ளிகளுக்கு வரும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களிலிருந்து ஒரு சிறுகதையை வைத்து ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு ஆராய்ந்து எடுத்தாலும் சில நூல்கள் வகுப்பில் எடுபடுவதில்லை. நான்காம் பாடவேளை வரை அடுத்து என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லையென்றால், மீதியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு நூலை நூலகத்தில் சேர்த்துவிடலாம். தனியே படிக்க விரும்பும் ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும். முடித்த நூலானாலும் கைவிட்ட நூலானாலும், எந்த வகுப்பு, எந்த அத்தியாயத்தில் பேச்சு சூடுபிடித்தது, எங்கே தொய்ந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளட்டையில் செருகிவைத்தால், அடுத்த ஆண்டு அதே வகுப்பை எடுக்கும் ஆசிரியருக்குத் தேர்வு வேலை பாதியாகக் குறையும்.