பழைய பிளாப்பியில் படிக்காத எழுத்து: என் அனுபவம்

கீழக்கரையில் என்னிடம் ஒரு பிபிசி மைக்ரோ, அதாவது 1980களின் பிரிட்டிஷ் கணினி, இருக்கிறது. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த அதே ரகம். அதன் பிளாப்பி டிரைவ் 40 டிராக், அதாவது வட்டில் 40 தடங்கள் உள்ளது. அதற்காக, இன்றைய கணினியில் 80 தடமுள்ள 1.2 எம்பி பிளாப்பி டிரைவையும், அதை யுஎஸ்பி வழியே இணைக்கும் கிரீஸ்வீசில் பலகையையும் மாட்டி, ஒரு தடம் விட்டு ஒரு தடமாக எஸ்எஸ்டி கோப்பை (பிபிசி பிளாப்பியின் முழு நகல்) எழுதினேன். எழுதிய டிரைவில் சரிபார்த்தால் பிழையே இல்லை. பிபிசியில் போட்டால் ‘டிஸ்க் ஃபால்ட்’ என்ற பிழைச் செய்தி.

உப்புக் காற்றில் இங்கே கொக்கி, கீல் எதுவும் துருவுக்குத் தப்பாது. சந்தேகம் முதலில் அதன் மேல்தான். பிளாப்பியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், சுழலும் வேகத்தையும் பார்த்தேன். பலனில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது: உறை பிரிக்காத புது பிளாப்பியில் எழுதியது மட்டும் ஓடியது. 1.2 எம்பி டிரைவ் போடும் தடம் சுமார் 0.16 மி.மீ. அகலம், 40 டிராக் டிரைவின் தடம் 0.33 மி.மீ. ஏற்கெனவே பயன்படுத்திய பிளாப்பியில் எழுதினால், பழைய எழுத்து ஓரத்தில் அப்படியே மிஞ்சுகிறது. 40 டிராக் டிரைவின் அகல ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்புகிறது. எழுதிய டிரைவின் ஹெட் குறுகலானது என்பதால் அதற்கு இது தெரியவே தெரியாது.

ராமநாதபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கேசட் அழிக்கும் கருவி கிடந்தது. சுவிட்சைப் போட்டு, பிளாப்பியின் இரு பக்கமும் வட்டமாகச் சுற்றி, மெல்லத் தூர விலக்கிய பிறகே அணைக்க வேண்டும். பக்கத்தில் வைத்து அணைத்தால் அந்த இடத்தில் காந்தம் தங்கிவிடும். இப்படி அழித்துவிட்டு எழுதியவை எல்லாம் ஓடுகின்றன, அப்பாடா. பிபிசியில் 80 டிராக் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.