ப்ராஜெக்ட் விட்டு ப்ராஜெக்ட் மாறும்போது: படத்தொகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படத்தொகுப்புக்குப் புதிதாக வந்த இருவருடன் அண்மையில் சில வாரங்கள் வேலை செய்தேன். காலையில் ஒரு நேர்காணல், மதியம் ஒரு விளம்பரம், மாலையில் மறுபடியும் நேர்காணல் என்று ஒரே நாளில் மூன்று ப்ராஜெக்ட்டுகளைத் திறந்து மூட வேண்டிய வேலை அது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை அவர்கள் ஏறக்குறைய அதே வரிசையில் செய்தார்கள். சேமிக்க மறந்து மூடுவதைப் போன்றவற்றை ஒருமுறை பட்டவர் தாமே திருத்திக்கொள்வார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். செய்த நேரத்தில் தெரியாமல், நாட்கள் கழித்து வெளிப்படும் தவறுகளே எனக்குக் கவலை தருகின்றன.

காணாமற்போன கிளிப்பை அவசரத்தில் இணைப்பது

ப்ராஜெக்ட் கோப்புக்குள் பொதுவாகக் காட்சிகள் இருப்பதில்லை. அவை எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. வேறொரு ப்ராஜெக்ட்டுக்கு மாறும்போது அதற்குரிய ஹார்ட் டிஸ்க் செருகப்படாமல் இருந்தாலோ, விண்டோஸ் அந்த டிஸ்க்குக்கு வேறு எழுத்தைக் கொடுத்துவிட்டாலோ, கிளிப்புகள் ஆஃப்லைன் ஆகி, அதாவது மென்பொருளுக்கு எட்டாமல் போய், அவை எங்கே என்று அது ஒரு பெட்டியில் கேட்கும். அந்தக் கணத்தில் நம் மனம் இன்னும் முந்தைய ப்ராஜெக்ட்டிலேயே இருப்பதால், அந்தப் பெட்டியை எப்படியாவது மூடிவிட்டு வேலையைத் தொடரவே கை விரைகிறது.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒரே கேமராவில் எடுக்கப்பட்ட இரண்டு ஆவணப்படங்களை அப்போது தொகுத்துக்கொண்டிருந்தேன். கார்டை ஃபார்மேட் செய்யும்போதெல்லாம் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்படி அந்தக் கேமரா அமைக்கப்பட்டிருந்ததால், இரண்டு படங்களிலும் சி0001, சி0002 என்ற அதே பெயர்களே இருந்தன. இரண்டாவது படத்தின் டிஸ்க்கைச் செருகாமல், மென்பொருள் கேட்டபோது முதல் படத்தின் ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். ஒரு கிளிப்பை இணைத்ததும் மீதியிருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவை தாமாகவே இணைந்தன. பெயர் ஒன்று, கோப்பு வகை ஒன்று, ப்ரேம் ரேட்டும் (வினாடிக்கு எத்தனை ப்ரேம் என்ற கணக்கும்) ஒன்று என்பதால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. நான் அன்று திருத்திய தொடக்கப் பகுதியின் காட்சிகள் கணினியின் உள் டிஸ்க்கில் இருந்ததால் சரியாகவே ஓடின; மாறிப்போனவை பிற்பகுதியில் பேச்சின் மேல் இட்டிருந்த துணைக் காட்சிகள். வெட்டுகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்குள் வேறொருவருடைய, இன்னும் வெளிவராத காட்சிகள் ஓடின. மூன்று நாட்கள் கழித்து வாடிக்கையாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். தானியங்கிச் சேமிப்பு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிரதிகளை மட்டுமே வைத்துக்கொண்டு பழையவற்றை அழித்துவிடும் என்பதால், தவறுக்கு முந்தைய பிரதி ஒன்றுகூட அப்போது மிஞ்சவில்லை. ஒவ்வொரு ஷாட்டாகப் பார்த்து மீட்க இரண்டு நாட்கள் ஆயின. இன்றைக்கும் யாராவது அந்தப் பெட்டியைப் படிக்காமல் சொடுக்குவதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகவே, டிஸ்க் இல்லையென்றால் எதையும் இணைக்க வேண்டாம். கிளிப்புகளை ஆஃப்லைனிலேயே விட்டு, ப்ராஜெக்ட்டைச் சேமிக்காமல் மூடி, டிஸ்க்கைச் செருகிய பின் திறந்தால் அவை தாமே வந்துவிடும். விண்டோஸில் ஒவ்வொரு வேலை டிஸ்க்குக்கும் நிலையான எழுத்தை ஒதுக்கிவிடலாம். மீண்டும் இணைக்கத்தான் வேண்டும் என்றால், பிரீமியர் ப்ரோ என்ற தொகுப்பு மென்பொருளின் இணைப்புப் பெட்டியில் கோப்பின் பெயரோடு கிளிப் தொடங்கும் டைம்கோடையும் (ஒவ்வொரு ப்ரேமுக்கும் உரிய நேர எண்ணையும்) ஒப்பிடச் சொல்லும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் எல்லாக் கிளிப்புகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் அந்த ஒப்பீடும் பயனற்றது என்பதால், படப்பிடிப்பின்போதே டைம்கோடு கடிகார நேரத்தைக் காட்டும்படி கேமராவை அமைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட உறுதியான வழி, ப்ராஜெக்ட்டுக்குள் கொண்டுவரும் முன்பே கோப்புகளுக்கு ப்ராஜெக்ட் குறியீட்டையும் கார்டு எண்ணையும் முன்னொட்டாகச் சேர்ப்பதுதான். ஏவிசிஎச்டி போன்று ஃபோல்டர் அமைப்பையே நம்பியிருக்கும் வடிவங்களில் மட்டும் உள்ளே கைவைக்காமல், வெளி ஃபோல்டருக்குத் தனிப்பெயர் கொடுங்கள். ஒருமுறை உள்ளே வந்துவிட்ட கோப்பின் பெயரைப் பிறகு மாற்றவே கூடாது.

அமைப்புகளைப் பார்க்காமல் டைம்லைனை நகலெடுப்பது

பிரீமியர் ப்ரோவில் பல ப்ராஜெக்ட்டுகளை ஒரே நேரத்தில் திறந்து, ஒன்றின் சீக்வென்ஸை, அதாவது வெட்டி அடுக்கிய டைம்லைனை, மற்றொன்றில் ஒட்ட முடியும். அது தன் கிளிப்புகளையும் அழைத்துக்கொண்டு வருவதால், ஏற்கெனவே அங்கே இருக்கும் காட்சிக்கே இரண்டாவது பதிவு உருவாகலாம். பிறகு எந்தப் பதிவில் குறிப்புகள் எழுதினோம் என்று தேட வேண்டியிருக்கும். ப்ரேம் ரேட் இன்னும் நுட்பமானது. 24க்கும் 23.976க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு மணி நேர ஓட்டத்தில் இரண்டுக்கும் இடையே சுமார் 3.6 வினாடி இடைவெளி விழுகிறது. டாவின்சி ரிசால்வ் என்ற மற்றொரு தொகுப்பு மென்பொருளில் வண்ண மேலாண்மை ப்ராஜெக்ட்டின் அமைப்பைச் சார்ந்தது என்பதால், ஒரு ப்ராஜெக்ட்டில் செய்த வண்ணத் திருத்தம் வேறு அமைப்புள்ள ப்ராஜெக்ட்டில் வேறு மாதிரித் தெரியும்.

‘சீக்வென்ஸ் 01’ என்றே விட்டுவிடுவது

மூன்று ப்ராஜெக்ட்டுகளின் டைம்லைன்கள் அருகருகே திறந்திருக்கும்போது மூன்றுக்கும் அதே பெயர் இருந்தால், தவறானதை எக்ஸ்போர்ட் செய்வீர்கள்.

அன்டூவை நம்பி மூடுவது

ப்ராஜெக்ட்டை மூடினால் அன்டூ வரலாறும் போய்விடும் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். ரிசால்வின் டைனமிக் ப்ராஜெக்ட் ஸ்விட்சிங் பல ப்ராஜெக்ட்டுகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு விரைவாக மாற உதவுகிறது. ஆனால் ரேம் குறைவான கணினியில் அதுவே சுமையாகிவிடும். பெரிய மாற்றம் எதையும் தொடங்கும் முன் டைம்லைனை நகலெடுத்து வைப்பதே என் வழக்கம்.

வேலை நடுவில் பதிப்பை மாற்றுவது

ரிசால்வில் பல ப்ராஜெக்ட்டுகள் ஒரே நூலகத்தில், அதாவது ஒரே தரவுத்தளத்தில், இருக்கின்றன. புதிய பெரும்பதிப்புக்காக அந்த நூலகத்தை மேம்படுத்திவிட்டால் பழைய பதிப்பால் அதைத் திறக்க இயலாது. முதலில் நூலகத்துக்கு பேக்கப் எடுங்கள்.