காரைக்குடிக்கு வந்து ‘செட்டிநாடு சிக்கன்’ கேட்காதீர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற பழைய கூட்டாளிகள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். “காரைக்குடி வர்றோம்டா. பெரிய வீடெல்லாம் பார்த்துட்டு மத்தியானம் ஒரு பிடி பிடிக்கணும். எந்தக் கடைக்குப் போறது?” ஒரு பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். சொல்லிப் பார்த்தாயிற்று. அதே கடையில் ஒருத்தன் சாப்பிட்டுவிட்டு ஒரு வாரம் அதையே பேசுகிறான், இன்னொருத்தன் “இதுக்காடா இவ்வளவு தூரம் வரச் சொன்னே?” என்று கேட்கிறான். கடை ஒன்றுதான். போன நேரமும் கிழமையும் கேட்ட சாமானும் வேறு.

இந்தப் பக்கத்தில் நல்ல சாப்பாடு என்பது முதலில் வீட்டுச் சாப்பாடு. ஆச்சிமார்களும் கல்யாண வீட்டுச் சமையல்காரர்களும் வைத்திருந்த கைப்பக்குவம் அது. ஹோட்டலும் மெஸ்ஸும் அப்புறம் வந்தவை. வேறு ஊரில் சாப்பிடப் போகிற மாதிரி நினைத்த நேரத்துக்கு வந்து, நினைத்ததைக் கேட்டால், ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பெரும்பாலோர் செய்கிற தவறு, உட்கார்ந்ததும் ‘செட்டிநாடு’ என்று தொடங்குகிற ஏதாவது ஒன்றைக் கேட்பது. செட்டிநாட்டு வீட்டில் அப்படி ஒரு பெயரில் குழம்பு கொதித்ததே இல்லை. கோழிக் குழம்பு உண்டு, மிளகுக் கோழி உண்டு, வறுவல் உண்டு. கேட்டு வருகிறார்களே என்று கார்டில் அந்தப் பெயரைப் போட்டுவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சில வருஷத்துக்கு முன்னால் சென்னை நண்பன் ஒருத்தனை அழைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் பெரிய போர்டு வைத்த ஒரு ஹோட்டலுக்குப் போனேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவன் ஆர்டர் கொடுத்துவிட்டான். வந்தது, கலர்ப் பொடி போட்ட சிவப்பு கிரேவி, முந்திரி அரைத்த கெட்டி, மேலே பொரித்த கறிவேப்பிலை. “செம காரம்டா, அசல் செட்டிநாடு” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தேன்.

இந்தச் சமையலுக்கு அடையாளம் வாசனை, எரிச்சல் கிடையாது. சோம்பு, பட்டை, கிராம்பு எல்லா ஊரிலும் போடுகிறார்கள். இங்கே அதோடு கல்பாசியும் மராட்டி மொக்கும் சேரும். கல்பாசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த மரப்பட்டைச் சருகு மாதிரி இருக்கும், பெரிதாக வாசனையும் வராது. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும்தான் அது தன் வேலையைக் காட்டும். கூடத்தில் இருக்கிறவருக்கு அடுப்படியில் கறி வேகிறது என்று தெரிவது அதனால்தான். இவற்றில் ஒன்றுகூட இந்த வறண்ட பூமியில் விளைவதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் அஞ்சறைப்பெட்டியும் அகலமாகிவிட்டது. காரத்துக்கு மட்டும் பக்கத்திலேயே ராமநாதபுரம் குண்டு மிளகாய் இருக்கிறது; 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்படியானால் என்ன கேட்பது? உப்புக்கறி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டுக்கறியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப் போட்ட வரமிளகாய், உப்பு ஆகியவற்றோடு சுருள வதக்குவது. அரைத்த மசாலா இல்லை, தேங்காய் இல்லை. ஒளித்துக்கொள்ள இடமே இல்லாத பண்டம். கறி பழசாக இருந்தால் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கடையின் யோக்கியதை தெரிய எனக்கு அது ஒன்று போதும். காரம் ஆகாது என்றால் மிளகு போட்டதைக் கேளுங்கள். மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும், மிளகுக் காரம் தொண்டையோடு போய்விடும். “காரம் கம்மியாப் போட்டுக் கொடுங்க அண்ணே” என்று சப்ளையரிடம் சொல்வது மட்டும் வீண். மசாலா காலையிலேயே அரைத்துச் சேர்த்தாயிற்று. அவர் “சரிங்க” என்று சொல்லிவிட்டு அதே சட்டியிலிருந்துதான் கொண்டுவருவார்.

நேரம் தப்புவது அடுத்தது. வெளியூர்க்காரர்களின் திட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் பிள்ளையார்பட்டி, அப்புறம் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற இடம், அப்புறம் கானாடுகாத்தான் அரண்மனை, நாலு போட்டோ. பசி எடுக்கும்போது மணி இரண்டே முக்கால். மெஸ்ஸில் பன்னிரண்டரைக்கு இலை போட ஆரம்பிப்பார்கள். ஒன்றரை மணி வரைக்கும்தான் எல்லாமே இருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் ஈரல் தீர்ந்திருக்கும், நண்டு தீர்ந்திருக்கும், குழம்பில் தண்ணீர் கூடியிருக்கும். வீடு பார்ப்பதைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். வீடு நூறு வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது.

பெரிய வீடுகளை ஹோட்டலாக்கி நடத்துகிற இடங்களுக்குக் கணக்கே வேறு. காரைக்குடியில் ‘பங்களா’, கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். இங்கெல்லாம் ஆள் கணக்குப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள். திடீரென்று எட்டுப் பேர் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். முதல் நாளே போன் செய்து எத்தனை பேர், சைவமா அசைவமா, விலை என்ன என்று பேசிவிடுங்கள். மெஸ்ஸோடு ஒப்பிட்டால் விலை கூடத்தான். ஆனால் வாழையிலையில் வரிசையாக வருகிற முழுச் சாப்பாட்டை, வீட்டு முறையில், ஒரே உட்காரலில் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண வீட்டு அழைப்பில்லாதவர்களுக்கு அதுதான் வழி. குழந்தைகளோடு போகிறவர்கள் பசியோடு கூட்டிப்போகாதீர்கள், நிதானமாகத்தான் பரிமாறுவார்கள்.

மெஸ்ஸில் ஏமாறுவது பெரும்பாலும் தட்டில்தான். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டும் பொரியலும் வைத்த கையோடு ஒருத்தர் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். அதில் சின்னச் சின்னக் கிண்ணங்கள்: சுக்கா, ஈரல், காடை, எறா, நண்டு, கோலா உருண்டை, வறுத்த மீன். “என்ன சார் வைக்கட்டும்?” பசியில் இருக்கிறவன் கை தானாகவே நாலைக் காட்டும். சாப்பாட்டு விலையைப் போல மூன்று மடங்கு பில் வருவது அங்கேதான். அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம், தொழில் அது. விலை கேட்டுவிட்டு எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம். நாலு பேர் போனால் ஆளுக்கு ஒன்று வேறு வேறாக எடுத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டோடு கறிக்குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு மூன்றும் வாளியில் வரும். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அது தெரியாமல் தனியாக ஒரு கிரேவி வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். மூன்றையும் ஒரே சோற்றில் ஊற்றுவதும் கூடாது. கொஞ்சம் சோறு, ஒரு குழம்பு. மறுபடி கொஞ்சம் சோறு, அடுத்த குழம்பு. ரசத்துக்கு இடம் வையுங்கள். மோரை விடாதீர்கள்.

கிழமை பார்க்காமல் வருவதைப் பற்றிச் சொன்னால் பல பேர் சிரிக்கிறார்கள். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி, அமாவாசை, புரட்டாசி மாதம் என்று இந்தச் சீமையில் கவிச்சி சேர்க்காத நாள்கள் நிறைய. அன்றைக்கும் அசைவக் கடை திறந்திருக்கும். ஆனால் வாங்குகிற ஆள் குறைவு, ஆடு அறுப்பதும் குறைவு. வெள்ளிக்கிழமை உங்கள் இலைக்கு வருவது எந்தக் கிழமைக் கறி என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அசைவத்துக்கென்றே வருகிறவர்கள் ஞாயிறு அல்லது புதன் வாருங்கள். வெள்ளிக்கிழமைதான் தோது என்றால் சைவத்துக்குத் தயாராக வாருங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, பூண்டும் மொச்சையும் சேர்த்து வைக்கிற வெண்டைக்காய் மண்டிக்கு முன்னால் பல கோழிக் குழம்பு நிற்காது. செட்டிநாடு என்றாலே கறி என்று யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நகரத்தார் சிவன் கோயிலை வைத்துத் தங்கள் பிரிவையே வகுத்துக்கொண்டவர்கள். ஒன்பது கோயில் அவர்களுக்கு. சைவ வெஞ்சனத்துக்கா அங்கே பஞ்சம்?

மீன் விஷயத்தில் வஞ்சிரம் வஞ்சிரம் என்று கேட்பதை நிறுத்தினால் பாதிக் காசு மிச்சம். காரைக்குடியில் கடல் இல்லை என்றாலும் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினமெல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டம்தான். பாக் நீரிணையின் ஆழமில்லாத கடல். நண்டும் எறாவும் நன்றாக இருக்கும். “இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?” என்று கேட்டு, சங்கராவோ பாறையோ விளமீனோ, வந்ததைச் சாப்பிடுங்கள். சுறாப்புட்டு இருந்தால் விடாதீர்கள். சோற்றில் பிசைந்து சாப்பிட அதுக்கு இணை இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மொத்தம் 61 நாள். நாட்டுப்படகு மட்டும்தான் போகும். கோடை லீவில் வந்து “பெரிய மீன் வறுவல்” கேட்டால் ஐஸ் பெட்டியில் தூரத்திலிருந்து வந்தது கிடைக்கலாம். அதே கோடையில்தான் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்கள் வற்றும். வலையும் கச்சாவும் ஊத்தாக்கூடையுமாக ஊரே இறங்கிப் பிடிக்கும். அந்தச் சமயம் விரால் குழம்போ கெளுத்தியோ அயிரையோ கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கடல் மீன் தின்று பழகிய நாக்குக்கு முதலில் மண்வாசனை தெரியும். இரண்டாவது வாயில் சரியாகிவிடும்.

சரி, இதெல்லாம் சின்னத் தவறுகள். எனக்கு வருத்தமே வருகிறது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் காரைக் கிளப்பிக்கொண்டு போகிறார்களே, அதில்தான். இந்த ஊரின் தனிப்பெருமை நாலு மணிக்கு மேல்தான் அடுப்பில் ஏறுகிறது. இடைப்பலகாரம் என்று வீடுகளில் சொல்வோம். பால் பணியாரம், மசாலா சீயம், கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசி. கும்மாயம் என்பது உளுந்தையும் பாசிப்பருப்பையும் பச்சரிசியையும் வறுத்து அரைத்து, கருப்பட்டி போட்டு, நெய் கக்குகிற வரை கிண்டுவது. கவுனி அரிசி கறுப்பாக இருக்கும். முதல் நாளே ஊறப்போட்டு வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்ப்பார்கள். இவையெல்லாம் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. கல்யாண வீட்டில் மாட்டினால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

வெள்ளைப் பணியாரம் மட்டும் தெருவிலேயே கிடைக்கும். எங்கள் தெரு முக்கில் சாயங்காலம் ஓர் ஆச்சி சட்டி வைப்பார். கணக்கு எளிது: ஒரு உழக்கு நிறையப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து. சேர்த்து ஊறவைத்து வெண்ணெயாக ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும். ஒரு தடவைக்கு ஒன்றுதான் ஊற்றுவார். குழிக்கரண்டி மாவு எண்ணெய் நடுவில் விழுந்ததும் அடியில் போய் மேலே மிதக்கும். ஓரம் மெல்லிசாகச் சுருங்க, நடு உப்பும். சட்டுவத்தால் மேலே இரண்டு தடவை எண்ணெயை அள்ளி விடுவார், ஒரு திருப்பு, எடுத்துவிடுவார். நிறம் மாறக் கூடாது. லேசாகச் சிவந்துவிட்டால் ஆச்சி அதைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடுவார், விற்க மாட்டார். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் பூண்டும் வெங்காயமும் வதக்கி அரைத்த சட்னி. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், சட்டியிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து வாய்க்கு.

பார்சல் மட்டும் கேட்காதீர்கள். போன மாதம் என் நண்பன் மதுரையில் இருக்கிற மாமியார் வீட்டுக்கென்று இருபது பணியாரம் கட்டி வாங்கினான். ஆச்சி சொல்லிப் பார்த்தார்: “வேண்டாம்பா, ஆவியிலே தொய்ஞ்சு போயிரும். முறுக்கு, சீப்புச்சீடை வாங்கிட்டுப் போ.” அவன் கேட்கவில்லை. திருப்பத்தூர் தாண்டுவதற்கு முன்னாலேயே போன் வந்தது. “என்னடா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நனைஞ்ச துணி மாதிரி இருக்கு?”