தாத்தாவின் பெயரைத் தேடாதீர்கள், தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள்

கொழும்பில் டச்சு பர்கர் யூனியன் என்று ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் சங்கம் ஒன்று இருக்கிறது, 1908இல் தொடங்கியது. தங்கள் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளியை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பறங்கியர் வீட்டுப் பிள்ளை ஒன்று அதைப் புரட்டினாலே பல தலைமுறை கிடைத்துவிடும். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளான நமக்கு, இலங்கை மலையகத்தில், வம்சாவளி தேட அந்த வசதி இல்லை. நூலகத்துக்குப் போய் "எங்க தாத்தா ராமசாமி" என்று கேட்டால் நூலகர் பாவம், என்னதான் செய்வார்? எந்தத் தோட்டம், எந்த டிவிசன், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று கையில் கொண்டு போனால்தான் அங்கே வேலை நடக்கும்.

அதற்கு முதலில் வீட்டுப் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை என்று எல்லாருடைய பிறப்புச் சான்றிதழையும் எடுங்கள், உங்களுடையது மட்டும் போதாது. நம் நாட்டுச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எல்லாம் கேட்டிருப்பார்கள், தகப்பன் இலங்கையில் பிறக்கவில்லை என்றால் பூட்டனார், அதாவது பாட்டனாரின் தகப்பன், பற்றிக்கூட ஒரு கட்டம் உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டதும் இதைத்தான்: அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான். நம்மைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தக் கேட்ட கேள்வி, இன்றைக்கு வம்சாவளிக்கு உதவுகிறது, நல்லதுதான். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த குடும்பம் என்றால், இத்தனை வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று காட்டுவதற்காகத் தோட்டத்து மேலாளரான துரையிடம் வாங்கிய கடிதம், பள்ளிக்கூடச் சான்று மாதிரி ஏதாவது இன்னும் கிடக்கலாம். மங்கிப்போனதை எல்லாம் குப்பையில் போட்டுவிடாமல் போனில் படம் பிடித்து வையுங்கள்.

சான்றிதழே இல்லையா? கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்திலோ பிரதேச செயலகத்திலோ பதிவைத் தேடித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம், தோட்டத்துப் பிறப்புகளைத் துரை வழியாகத்தான் பதிவாளருக்கு அறிவித்தார்கள், ஆக பெயர் பல கை மாறித்தான் புத்தகத்தில் ஏறியிருக்கும். முத்துசாமி, முத்துச்சாமி, வெறும் முத்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் தோட்டம். நம்முடைய ஆட்கள் கூப்பிடுகிற பெயர் ஒன்று, கம்பெனிப் புத்தகத்தில் இருப்பது வேறு. இரண்டும் தெரியாமல் நூலகப் பக்கம் போகவே வேண்டாம். 1972, 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது, இடையில் சில தோட்டங்கள் சேர்ந்தன, சில துண்டாயின. தொழிலாளர் பெயரும் வேலைநாளும் எழுதிய பழைய செக்ரோல் புத்தகம் இருக்கிறதா என்று தோட்டத்து ஒப்பீசில் ஒரு தரம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், பெரிய கிளாக்கரின் மனசைப் பொறுத்தது. தொழிலாளரை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை யாராவது லயத்துப் பக்கம், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள் பக்கம், இருந்தால் அவரிடம் பேசுவது அதைவிட நல்லது.

இப்போது நூலகம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் லயத்தையே மாற்றித் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், முதலில் அங்கே போவது நல்லது, ஏனென்றால் அது நம்மைப் பற்றியது. கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் பெரும்பாலும் துரைமார் பக்கக் கதை. பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களமும் பெரிய இடங்கள், முன்கூட்டியே அனுமதி விசாரித்துக்கொண்டு போங்கள். வீட்டிலிருந்தே பார்க்க "நூலகம்" என்ற பெயரிலேயே ஓர் இணையத்தளம் இருக்கிறது, 2005இல் தொடங்கியது, காசு இல்லை.

இந்த இடங்களில் பெர்குசன் டிரெக்டரி என்று கேளுங்கள். ஆண்டு வாரியாகத் தோட்டங்களின் பட்டியல் அது, முதலாளி யார், துரை யார், எத்தனை ஏக்கர் என்று இருக்கும். கூலியாட்களின் பெயர் ஒன்றும் கிடையாது, ஆனாலும் எனக்கு இதைவிடப் பிடித்த புத்தகம் இல்லை. பாட்டி "இன்ன துரை காலத்துலதான் வந்தோம்" என்று சொல்லியிருப்பாரே, அந்தத் துரையின் பெயர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை அந்தத் தோட்டத்துக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள், நம்மவர் வந்த காலம் அந்த நாலைந்து வருடத்துக்குள் அகப்பட்டுவிடும். என்ன, பாட்டிமார் பாதிப் பேர் துரையின் பட்டப்பெயரைத்தான் சொல்வார்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தையும் கேளுங்கள். மற்றவர்களுக்கு இந்தியாவில் எந்த ஊர் என்பதற்குக் குலதெய்வம்தான் துப்பு, சாமியின் பெயர் மட்டும் போதாது, கோயில் எந்த ஊரில் என்றும் வேண்டும். ரோதமுனி என்று யாராவது சொன்னால் அதை வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போகாதீர்கள், அவர் இங்கே தேயிலை ஆலைச் சக்கரத்தோடு பிறந்த சாமி.

1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன சொந்தக்காரர்கள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால், தாயகம் திரும்பியோர் என்று அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குடும்பத்தில் யார் யார், என்ன வயது என்று எல்லாரும் ஒரே அட்டையில் இருப்பார்கள். அங்கே அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் சலுகை கேட்கப் போனால் இன்னும் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.